மஞ்சநத்திப்பட்டி விலக்கு

ஜூன் 2, திங்கள்

முதல் பக்கத்திலேயே மானம் போகிற விஷயத்தை எழுத வேண்டியிருக்கிறது. இன்று காலையில் நான் பிண வண்டியைக் கை காட்டி நிறுத்தி, ஏறி, விலக்கு வரைக்கும் சொகுசாகப் போய் இறங்கிவிட்டேன்.

வேண்டுமென்று ஏறவில்லை. நான் தினமும் போகிற பால்வண்டியும் வெள்ளை, அதுவும் வெள்ளை. வழி தப்பி எங்கள் ஊருக்குள் நுழைந்து திரும்பிக்கொண்டிருந்த வண்டி. பலகாரச் சட்டியோடு பின்கதவைத் திறந்து ஏறினேன். பால் கேன் ஒன்றையும் காணோம், நீளமாக ஒரு பெட்டி மட்டும் இருந்தது. அதன் மேல் உட்கார்ந்தேன். ஊதுபத்தி வாசம் அடித்தது. பால்வண்டி ஓட்டுகிற சூசைக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

விலக்கில் பஸ்ஸுக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். பின்கதவு திறந்து, உள்ளேயிருந்து நான் வடைச் சட்டியோடு இறங்கியதும் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். ஒருத்தர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார். இன்றைக்கு வடை போணியாகவே இல்லை. டிரைவர் நல்ல பையன். போன் நம்பர் எழுதிய அட்டை கொடுத்து, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கம்மா" என்றான். எப்போது வேண்டும் என்று யாருக்குத் தெரியும்.

நான் யாரென்று எழுத வேண்டுமாம், டைரி கொடுத்த செல்வி சொல்லியிருக்கிறாள். பெயர் சீனியம்மாள். படிப்பு ஐந்தாவது, அதிலும் பாதி நாள் ஆடு மேய்க்கப் போய்விட்டேன். ஊர் மஞ்சநத்திப்பட்டி. பஸ்ஸெல்லாம் மெயின் ரோட்டோடு போய்விடும். ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். அந்த விலக்கில்தான் என் டீக்கடை. செல்வி என் ஒரே மகள், சாத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது, இப்போது எட்டாம் மாதம். "ராத்திரி எங்கிட்ட பேசுற மாதிரி எழுதும்மா. அப்பாதான் பேச மாட்டாரே" என்று டைரியை வைத்துவிட்டுப் போனாள். அவர் பேசுவார். ஆடுகளிடம்.

ஜூன் 4, புதன்

சம்பந்தியம்மா ராஜாமணி மதினி போன் பண்ணினார்கள். வளைகாப்பு ஜூலை பதினொன்று, வெள்ளிக்கிழமை. அதை விட்டால் ஆடி பிறந்துவிடும், ஆடியில் நாங்கள் ஒன்றும் செய்வதில்லை. ஆவணிக்கு முன்னால் பிரசவம். வளைகாப்புப் போட்டு முதல் பிரசவத்துக்கு மகளைக் கூட்டி வருவதுதானே முறை.

"முறைதான் மதினி, நான் இல்லன்னு சொல்லல. பஸ் இல்லாத ஊருக்குப் புள்ளத்தாச்சிய எப்படி அனுப்ப?" என்றார்கள்.

"நூத்தியெட்டு வரும் மதினி."

"அவனுக்கு வழி சொல்லுறதுக்குள்ள புள்ள பொறந்து நடந்து வந்துரும். சரி, உங்க ஊருக்குள்ள வண்டின்னு எதுதான் வருது, சொல்லுங்க பாப்போம்."

நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"பஸ் வந்தா அனுப்புறேன். இல்லாட்டி வளையலப் போட்டுட்டு நீங்க ஊருக்குப் போங்க. பிரசவம் இங்கயே நடக்கட்டும். பேரப்புள்ளயப் பாக்க நான் மூணு கிலோமீட்டர் நடக்க முடியுமா? என் முழங்கால் என் பேச்சக் கேக்குறதில்ல."

"உங்க பேச்ச யாரு மதினி கேக்கா, பாவம் முழங்காலச் சொல்லுறீங்க" என்றேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள். ஆனால் மாற மாட்டார்கள். எனக்குத் தெரியும்.

வார்டு மெம்பர் அய்யாக்குட்டி பஸ் கேட்டு மனு கொடுத்து மாதம் இரண்டாகிறது. முந்நூறு தலை இருந்தால் பஸ் விடலாமாம், எண்ணிப் பார்க்க ஒரு சார் வருவாராம்.

ஜூன் 5, வியாழன்

உள்ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். சும்மா. சுவர் அழுக்காக இருந்தது.

ஜூன் 9, திங்கள்

கடையில் வெயில் நேரத்தில் ஒரு ஆள் வந்தார். தோளில் பை, காலில் ஷூ, சட்டைப் பையில் இரண்டு பேனா. பார்த்ததுமே குழுக்கடன் வசூலுக்கு வந்த ஆள் என்று தெரிந்துவிட்டது. டீ கேட்டார். பேச்சு நம் பக்கம் இல்லை, வேலூர்ப் பக்கமாம்.

என் கடைக்கு முன்னால் இருக்கிற போர்டையே ரொம்ப நேரம் பார்த்தார். "ஏம்மா, மஞ்சநத்திப்பட்டி விலக்குங்களா?"

"போர்டுல அப்படித்தான சார் போட்டிருக்கு."

"போர்டுல போட்டிருக்கு. நெஜமாவே விலக்குதானா?"

"நெஜமான விலக்கு சார். எங்க பாட்டன் காலத்துலருந்து விலக்கு."

"அவ்ளோ நாளாவா? யாரும் எடுத்து சொல்லலையா?"

"யார்கிட்ட சார் சொல்ல? வெள்ளக்காரன் இருக்கையிலயே விலக்கு. அவன் போயும் விலக்குதான்."

ரொம்ப வருத்தப்பட்டு இன்னொரு டீ கேட்டார். பிறகு மெதுவாக, "உள்ள ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா?" என்றார். அங்கேதான் வருகிறான் பார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வீடு போய்க் கதவைத் தட்டிக் கத்துவார்கள், போன மாதம் நடந்தது.

"ஈ காக்கா கெடையாது சார். எல்லாம் திருப்பூருக்குப் போயாச்சு. நானே இங்க வந்துட்டேன்ல, பாருங்க."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நான் உள்ள போக வேணாம்" என்றார். "போனா கால்தான் வலிக்கும்" என்றேன். எதிரே வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ஊரையே காப்பாற்றிவிட்டேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். இவர் "ம்" சொன்னால் பாராட்டு.

ஜூன் 10, செவ்வாய்

உளுந்து சரியாக அரையவில்லை. வடை தட்டையாக வந்தது. பிஸ்கட் என்று சொல்லி விற்றுவிட்டேன்.

ஜூன் 18, புதன்

அய்யாக்குட்டி டவுனிலிருந்து வந்து, ஊர் கூடுகிற மந்தையில் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்தான். என்னடா என்று கேட்டதற்கு, "நம்ம ஊர்ல ஆளே இல்லையாம்" என்றான்.

எண்ணுகிற சார் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாராம். மஞ்சநத்திப்பட்டி, மக்கள்தொகை, ஒன்றும் இல்லை. அது மட்டும் இல்லை. ஆளே இல்லாத ஊரிலிருந்து எண்பது கையெழுத்தோடு மனு வந்திருக்கிறதே, அதைப் போட்டது யார் என்று விசாரிக்கப் போகிறார்களாம்.

"எந்தக் கண்ணு தெரியாத பய அது? எப்ப வந்தான்? நாம யாரும் பாக்கலியே" என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். நானும் சத்தம் போட்டேன். கொஞ்சம் அதிகமாகவே போட்டேன்.

ஜூன் 20, வெள்ளி

பால்வண்டியில் ஆறு பேர் டவுன் ஆபீசுக்குப் போனோம். நான் வரவில்லை, கடை இருக்கிறது என்றேன். "நீதானக்கா நல்லாப் பேசுவ" என்று அய்யாக்குட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டான். பேசினதுதான் பிரச்சினை என்று அவனுக்கு எப்படித் தெரியும். இவரும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். ஆச்சரியம்.

உள்ளே ஒரு பெரிய சார். பக்கத்தில் என்னிடம் இரண்டு டீ குடித்தவர். அவர் பெயர் எத்திராஜாம். நான் முந்தானையை மூக்கு வரைக்கும் இழுத்து, பல் வலிக்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

"நீங்கள்லாம் எந்த ஊரு?" என்றார் பெரிய சார்.

"மஞ்சநத்திப்பட்டி சார்."

"அங்கதான் ஆளே இல்லன்னு இருக்கே."

"நாங்க ஆறு பேரு வந்திருக்கோமே சார்."

"சரி, ஆறுன்னு வேணா திருத்திக்கலாம்" என்றார் பெரிய சார். ரொம்ப நல்ல மனிதர்.

அப்புறம்தான் எத்திராஜ் சார் விளக்கினார். ஊர் எல்லையிலேயே விலக்கு என்று போர்டு இருந்ததாம். ஊரையே அரசாங்கம் விலக்கி வைத்துவிட்டது, பட்டாளத்துக்கோ எதற்கோ எடுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தாராம்.

"விலக்குன்னா ரோடு பிரியுற எடம் சார். விலகிப் போகுதுல்ல" என்றான் அய்யாக்குட்டி.

"எங்க பக்கம் அதுக்குக் கூட்டு ரோடும்பாங்க. விலக்குன்னா இல்லைன்னுதாங்க அர்த்தம். வேற ஒரு அர்த்தமும் இருக்கு, அத இங்க சொல்ல முடியாது" என்று எத்திராஜ் சார் முகம் சிவந்தார்.

பெரிய சார் யோசித்தார். "அப்ப மதுவிலக்குன்னா, மதுவுக்கு ரோடு பிரியுற எடமா?"

"எங்க ஊர்ல கிட்டத்தட்ட அப்படித்தான் சார்" என்றான் அய்யாக்குட்டி.

"நான் போர்ட மட்டும் நம்பல சார்" என்றார் எத்திராஜ். "அங்க டீக்கடை வெச்சிருக்கிற அம்மாவ நல்லா விசாரிச்சேன். அவங்கதான் ஈ காக்கா கூட இல்லன்னாங்க."

எங்கள் ஆட்கள் எல்லாரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். விலக்கில் டீக்கடை ஒன்றுதான். அதில் அம்மாவும் ஒன்றுதான்.

அப்போது இவர் பேசினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு ஆபீசுக்குள் இவர் பேசி நான் கேட்டதில்லை. "அன்னைக்கு இவ கடைக்குப் போகல. நாந்தான் இருந்தேன்" என்றார்.

பெரிய சார் இவர் மீசையைப் பார்த்தார். ஐயனாருக்குச் செய்கிற மாதிரி மீசை அது. பிறகு எத்திராஜ் சாரைப் பார்த்து, "அந்த அம்மாவுக்கு மீசை இருந்துதா?" என்றார்.

எத்திராஜ் சார் என்னைப் பார்த்தார். இவரைப் பார்த்தார். ஊருக்குள் போகாமலே எண்ணினது வெளியே வந்தால் அவருக்கும் வம்புதானே. "வெயில்ல சரியாத் தெரியல சார்" என்றார்.

மறுபடி எண்ணுவதாக முடிவானது. ஜூலை ஒன்றாம் தேதி ராத்திரி ஊரில் தூங்குகிறவர்கள் எல்லாரும் கணக்கு. மறுநாள் காலையில் வந்து எண்ணுவார். முந்நூறு இருந்தால் உடனே பஸ்.

ராத்திரி தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தேன், இவருக்குப் பிடிக்கும்.

ஜூன் 24, செவ்வாய்

அய்யாக்குட்டி வீடு வீடாக எண்ணிவிட்டான். சரியாக முந்நூறு. கூட ஒன்று இல்லை, குறைய ஒன்று இல்லை. திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது. பொங்கலுக்கு வந்து எண்ணினால் எங்கள் ஊருக்கு ரயிலே விடலாம்.

முந்நூறில் ஒன்றுதான் கவலை, மூக்கையா மாமா. படுக்கையில் கிடக்கிறார், மூன்று தடவை பால் ஊற்றியாகிவிட்டது, குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்கிறார். ஜூலை ஒன்று வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி சனிக்கிழமையே ஊர் திரண்டு போய்க் கேட்டுக்கொண்டது.

"புடிச்சுக்கிடலாம். கருப்பட்டிக் காப்பி கெடைக்குமா?" என்றார்.

அன்றிலிருந்து காலையில் கருப்பட்டிக் காப்பி, மதியம் முட்டை, ராத்திரி இட்லி, வீட்டுக்கு ஒரு நாள் முறை. கன்னம் உப்பிவிட்டது. நேற்று எழுந்து உட்கார்ந்து, வந்த முட்டையை அளவு பார்க்கிறார்.

கடையில் அய்யாக்குட்டி டீ குடித்துக்கொண்டே கேட்டான். "பஸ் ஊருக்குள்ள வந்துட்டா விலக்குல யாரு நிப்பா? யாருக்கு டீ ஊத்துவ சீனியக்கா?"

"ஆட்டுக்கு ஊத்துவேன். அது உன்ன மாதிரி நாளைக்குத் தாரேன்னு சொல்லாது."

சிரித்தான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "நெசமாத்தான் கேக்கேன்" என்றான். பாய்லருக்குக் கரி போட வேண்டியிருந்தது, திரும்பிக்கொண்டேன்.

ஜூன் 29, ஞாயிறு

இன்று மாமாவுக்குக் கறிச் சோறு, என் முறை. அவசரத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். ஒரு வாய் வைத்தார், தட்டைத் தள்ளினார். "ஒரு ஊருக்கு பஸ் வேணும்னு உசுரப் புடிச்சுக்கிட்டு கெடக்கேன். ஒரு கல்லு உப்பு போட மனசு வரல" என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஊருக்குள் பிண வண்டி வந்தது. மாமா வீட்டு வாசலில் நின்றது. பெண்களெல்லாம் மாரில் அடித்துக்கொண்டு ஓடினோம். நான்தான் முதலில் ஒப்பாரியை எடுத்தேன், உப்பைச் சொல்லிச் சொல்லி அழுதேன். இரண்டு பேர் மாமாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமா, "மெதுவாத் தூக்குங்கடா" என்றார்.

மகள் வீட்டுக்குப் போகிறாராம். படுத்துக்கொண்டே போகிற மாதிரி, கூப்பிட்டால் வருகிற வண்டி, நம் ஊருக்கு வழி தெரிந்த வண்டி அது ஒன்றுதானாம். டிரைவர் அட்டையை நான்தான் முந்தாநாள் விசிறிக்கொள்ள அவரிடம் கொடுத்திருந்தேன். வண்டி கிளம்பும்போது கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினார். எதிரே சைக்கிளில் வந்த பால்காரர் ஓடைக்குள் போய்விட்டார்.

ஜூன் 30, திங்கள்

இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.

மகள் வீட்டில் சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதாம், மாமா வர மாட்டாராம்.

செல்விக்குப் போன் போட்டேன். "நான் வந்தா முந்நூறு ஆயிருமாம்மா?" என்றாள்.

"ஆயிரும். வயித்துக்குள்ள இருக்கிறதையும் எண்ணுனா ஒண்ணு மிச்சம்கூட ஆவும்."

"அப்ப வரட்டா?"

"உங்க அத்த விடுவாகளா?"

"பஸ் வந்தா விடுவாக."

"பஸ் நீ வந்தா வரும்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும், "அம்மா, எனக்குப் பயமா இருக்கும்மா" என்றாள். போனில் சார்ஜ் இல்லை என்று வைத்துவிட்டேன். பார்த்தால் பாதிக்கு மேல் இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

காலையில் பால்வண்டியிலிருந்து ராஜாமணி மதினி இறங்கினார்கள். கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்ததில் சேலையெல்லாம் பால். "நேர்ல பாத்து முடிவு சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். போன்ல சொன்னா நீங்க சிரிச்சே மழுப்பிருவீங்க" என்றார்கள்.

கடையைத் திறக்கவில்லை. மதினி வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். கழிப்பறை எங்கே, தண்ணீர் எந்நேரம் வரும், கட்டில் உயரமா. உள்ரூமுக்கு வந்ததும் சுவரைத் தடவிப் பார்த்தார்கள். உத்தரத்தில் புதிதாகக் கட்டியிருந்த தொட்டில் கயிற்றைப் பார்த்தார்கள்.

"இது யாருக்கு?"

"ஆட்டுக்குட்டிக்கு" என்றேன்.

மதினி கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால்வண்டி திரும்பும். அதை விட்டால் மறுநாள் காலைதான். நான்கு மணிக்கு மேல் பணியாரம் ஊற்றினேன். மதினி அடிக்கடி, "மணி என்ன, மணி என்ன" என்றார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் நேரங்கெடக்கு மதினி" என்றேன். இரண்டாம் ஈடு பணியாரம், அதற்கு ஒரு சட்னி, சட்னிக்கு ஒரு கதை. அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரம் மெதுவாக ஓடுகிறது என்பதை நான் இன்றைக்குத்தான் கவனித்தேன். சூசையும் இன்று ஆரன் அடிக்காமல் போய்விட்டான். காலையில் அவனுக்கு இரண்டு வடை கொடுத்தபோது ஏதாவது சொன்னேனா, ஞாபகம் இல்லை.

"பாத்தீங்களா, இதத்தான் நான் சொன்னேன். வந்தா திரும்ப முடியாத ஊரு" என்று மதினி தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பாய் விரித்துக் கொடுத்தேன். தலையணைக்குப் புது உறை.

இவர் ஆட்டுத் தொழுவத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஆடுகளிடம் எதையோ சொல்லியிருக்கிறார்.

ஜூலை 2, புதன்

எத்திராஜ் சார் காலையிலேயே வந்துவிட்டார். இந்தத் தடவை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தெருத் தெருவாகப் போய் ஒவ்வொரு தலையையும் தொடாத குறையாக எண்ணினார். எங்கள் வீடுதான் கடைசி வீடு. அதற்குள் ஊரே பின்னால் வந்து வாசலில் கூடிவிட்டது.

"இதுவரைக்கும் இருநூத்தித் தொண்ணூத்தேழு. இங்க எத்தினி பேர்?"

"மூணு பேரு சார். நான், இவரு, எங்க மதினி."

"இந்த அம்மா வெளியூரா?"

"சாத்தூரு" என்றார்கள் மதினி, கோபமாக.

"எந்த ஊரா இருந்தாலும் பரவால்ல. நேத்து ராத்திரி இங்க தூங்குனீங்களா?"

"எங்கய்யா தூங்க? கொசுக்கடி. இந்தப் பக்கம் ஆடு, அந்தப் பக்கம் இவ பேச்சு. பொட்டுக் கண்ண மூடல."

எத்திராஜ் சார் பேனாவை நிறுத்திவிட்டார். "அப்ப தூங்கலையா?"

"தூங்கலன்னா?"

"தூங்குனவங்கதாம்மா கணக்கு. சட்டம் அப்படி. நான் இனிமே எதையும் நானா அர்த்தம் பண்ணிக்கிறதில்ல."

வாசலில் அய்யாக்குட்டி கண்ணை மூடிச் சாமி கும்பிட ஆரம்பித்தான்.

"மதினி, விடியக்கால கொறட்ட விட்டது யாரு? எங்க சேவலே கூவாம காத்துக்கிட்டிருந்துச்சே" என்றேன்.

"கொறட்டையா? நானா? எங்க வம்சத்துலயே கெடையாது" என்றார்கள். மதினிக்கு இந்த ஒரு விஷயத்தில் ரோஷம் அதிகம். நான் வாயை மூடிக்கொண்டேன். இனிமேல் கிண்டல் பண்ணினால் காரியம் கெட்டுவிடும் என்று தெரிந்தது. கிண்டல் பண்ணாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லை, முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

மதினி என் கையைப் பார்த்தார்கள். பிறகு திரும்பி உள்ரூம் உத்தரத்தைப் பார்த்தார்கள். முழங்காலைத் தடவிக்கொண்டார்கள்.

"கொறட்ட விட்டேன்" என்றார்கள். "போதுமா? நல்லா விட்டேன். எழுதிக்கிடுங்க."

எத்திராஜ் சார் எழுதினார். முந்நூறு.

விசில் சத்தம் அடங்கி எல்லாரும் போன பிறகு மதினிக்குக் காப்பி கொடுத்தேன். "கடிகாரம் மெதுவா ஓடிருச்சு மதினி, மன்னிச்சுக்கிடுங்க" என்றேன்.

மதினி இடது கையை நீட்டினார்கள். சேலைத் தலைப்புக்குள் வாட்ச் கட்டியிருந்தது. சரியான மணி காட்டியது.

"பணியாரம் நல்லா இருந்துச்சு" என்றார்கள். "அதான் எந்திரிக்கல."

காப்பியில் சீனி போட மறந்திருந்தேன், அதையும் மதினி சொல்லவில்லை.

ஜூலை 5, சனி

ஊரில் மதினிக்கு முந்நூறு அத்தை என்று பெயர் வைத்துவிட்டார்கள். போனில் சொன்னேன். வைதுகொண்டே இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

பஸ் வருகிறது. வெள்ளிக்கிழமை முதல் நடை, சாயங்காலம் டவுனிலிருந்து கிளம்பும். இவ்வளவு சீக்கிரம் எப்படி என்று எல்லாருக்கும் ஆச்சரியம். ஆளே இல்லை என்று எழுதிய ஊரைப் பற்றி வேறு யாராவது கேட்பதற்கு முன்னால் எத்திராஜ் சார் ஓடி ஓடி முடித்துவிட்டாராம்.

விலக்கில் இன்று கூட்டம் வழக்கம் போல. எல்லாருக்கும் டீ ஊற்றினேன். அய்யாக்குட்டி பழைய பாக்கியை முழுவதும் கொடுத்தான். கேட்காமல் கொடுத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

வெயிலுக்கு முன்பக்கம் போட்டிருக்கிற கீற்றுப் பந்தல் சாய்ந்திருந்தது. கயிற்றை இழுத்து ஊர் போர்டுக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினேன். எத்தனை நாளைக்கோ, இருக்கிற வரைக்கும் நேராக இருக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

சாத்தூரில் வளைகாப்பு நல்லபடியாக முடிந்தது. செல்விக்கு இரண்டு கையிலும் பச்சையும் சிவப்புமாக வளையல். ஐந்து வகைச் சோறு, புளியோதரையில் உப்பு சரியாக இருந்ததா என்று நானே மூன்று தடவை ருசி பார்த்தேன்.

சாயங்காலம் டவுன் பஸ் ஸ்டாண்டில் எங்கள் ஊர் பஸ் நின்றது. முன்னால் போர்டில் "மஞ்சநத்திப்பட்டி (விலக்கு அல்ல, ஊர்)" என்று எழுதியிருந்தது. எத்திராஜ் சார் வேலை. நான், இவர், செல்வி, மதினி நான்கு பேரும் ஏறினோம். மதினி வர வேண்டியதில்லை. "என் ஊருக்கு நான் போறேன், யாரு கேக்க" என்று ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசி சீட்டில் மூக்கையா மாமா உட்கார்ந்திருந்தார். மகள் வீட்டில் மூன்று நாளாகக் கறி எடுக்கவில்லையாம்.

செல்வி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

விலக்கு வந்தது. டிரைவருக்கு அந்தத் திருப்பம் புதிது. ஒரு தடவை முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி ஒடித்துத் திருப்பினார். மேலே கரகரவென்று சத்தம், பிறகு மடக்கென்று ஒன்று.

"மரக்கிளை ஒரசுது" என்றார் கண்டக்டர்.

விலக்கில் மரமே கிடையாது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் செல்வி முழித்துக்கொள்வாள். சொல்லவில்லை. இவர் என்னைப் பார்த்தார். "ம்" என்றார்.

மந்தையில் ஊரே நின்றது. வெடி போட்டார்கள், குலவை போட்டார்கள், மாலையைத் தூக்கிக்கொண்டு அய்யாக்குட்டி ஓடி வந்தான். பாதியில் நின்று, பஸ்ஸின் தலையைப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

செல்வியைக் கைத்தாங்கலாக இறக்கி, மதினியை இறக்கி, அப்புறம் நானும் பார்த்தேன். பஸ்ஸின் மேலே என் கடைப் பந்தல் இருந்தது. மூங்கில் இரண்டு, கீற்று, அதில் தொங்கவிட்டிருந்த வாழைப்பழத் தார், கயிறு, கயிற்றின் நுனியில் கம்பத்தோடு "மஞ்சநத்திப்பட்டி விலக்கு" என்ற போர்டு. எல்லாவற்றையும் இறக்கி மந்தையில் வைத்தோம். போர்டை அய்யாக்குட்டி நிமிர்த்தி நட்டுவிட்டான். விலக்கு இப்போது ஊருக்குள் இருக்கிறது.

கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்துக் கொடுத்தார். தாரில் எட்டுப் பழம் நசுங்கிவிட்டது.